துர்கானா ஏரியிலிருந்து சுஸ்வா வரை ஓர் உயரழுத்த மின்பாதை

கென்யாவின் வடக்கில், துர்கானா ஏரியின் தென்கிழக்குக் கரைக்கு அருகே, லொய்யங்கலானி என்ற சிற்றூரை ஒட்டிய வறண்ட மேட்டுநிலத்தில் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 365 காற்றாலைகள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றின் திறனும் 850 கிலோவாட்; மொத்தம் 310 மெகாவாட். குலால், நியிரு என்ற இரு மலைகளுக்கு இடையே நெருக்குண்டு வேகம் பிடிக்கும் காற்றுக்கு அங்கே பஞ்சமே இல்லை. இயந்திரங்கள் தயாராக இருந்தன, காற்றும் இருந்தது; ஆனால் உற்பத்தியாகும் மின்சாரம் வெளியேறுவதற்கு வழி இல்லை. தெற்கே சுமார் 430 கிலோமீட்டர் தொலைவில், பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சுஸ்வா துணை மின்நிலையத்தை எட்டவேண்டிய 400 கிலோவோல்ட் மின்பாதை அரைகுறையாக நின்றது. 2018 செப்டம்பரின் இறுதியில்தான் அந்தப் பாதை காற்றாலைகளை நாட்டின் மின்தொகுப்போடு இணைத்தது. அதுவரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, அந்தக் காற்று வீணாகவே வீசிப் போயிற்று.

மின்பாதை என்ற கட்டுமானத்தின் இயல்பே இந்தச் சிக்கலுக்கு அடிப்படை. வீடு கட்டுபவர் இரண்டு அறைகள் முடிந்ததும் குடிபுகுந்துவிடலாம். சாலை பாதி முடிந்திருந்தால் பாதித் தூரமாவது வண்டி ஓட்டலாம். மின்பாதையில் அப்படிப் பாதிப் பயன் என்று ஒன்று கிடையாது. ஆயிரம் கோபுரங்களில் 999 நின்று, ஒரே ஒரு கோபுரத்துக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை என்றால், ஒரு யூனிட் மின்சாரம்கூட மறுமுனைக்குப் போய்ச் சேராது. வளரும் நாடுகளில் இத்தகைய பாதைகள் ஏன் தாமதமாகின்றன, ஏன் எதிர்பார்த்ததைவிட அதிகச் செலவை இழுக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவையே.

முதலில், 400 கிலோவோல்ட் போன்ற பேரழுத்தம் எதற்கு என்ற கேள்வியைப் பார்ப்போம். ஒரு கம்பி வழியே கொண்டுசெல்லப்படும் மின்திறன், அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. ஒரே திறனை அழுத்தத்தைக் கூட்டி, மின்னோட்டத்தைக் குறைத்தும் அனுப்பலாம். அழுத்தத்தைக் குறைத்து, மின்னோட்டத்தைக் கூட்டியும் அனுப்பலாம். ஆனால் கம்பியைச் சூடாக்கி வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 310 மெகாவாட்டை, நம் ஊர்ப் பக்கங்களில் சாதாரணமாகக் காணப்படும் 33 கிலோவோல்ட் பாதையில் அனுப்ப நினைத்தால் கம்பியில் சுமார் 5,400 ஆம்பியர் ஓடவேண்டும். 400 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 450 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும்போது, அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 147இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 33 கிலோவோல்ட்டில் அவ்வளவு மின்சாரத்தை அவ்வளவு தூரம் அனுப்புவது நடைமுறையில் இயலாத காரியம்.

அப்படியென்றால் 220 கிலோவோல்ட் போதாதா என்று கேட்கலாம். அதில் இழப்பு மூன்று மடங்குக்கு மேல் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் தூரம். மாற்றுமின்னோட்டப் (ஏ.சி.) பாதை நீள நீள, அது கம்பி என்ற நிலையைக் கடந்து, தரையோடு சேர்ந்து, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய மின்தேக்கிபோல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. ஒரு முனையில் அழுத்தத்தைக் கொடுத்துவிட்டு மறுமுனையில் எதையும் இணைக்காமல் விட்டுவைத்தால், அங்கே அழுத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். 430 கிலோமீட்டர் பாதையில், கட்டுப்படுத்தும் கருவி எதுவும் இல்லையென்றால், கணக்குப்படி இந்த உயர்வு பத்து விழுக்காட்டைத் தாண்டும்; 400 கிலோவோல்ட் பாதையின் மறுமுனையில் 440 நிற்கும். 400 கிலோவோல்ட் பாதையில் பயன்படும் கருவிகள் தாங்கும்படி செய்யப்படுவதோ 420 கிலோவோல்ட் வரைதான். ஆகவே இரு முனைகளிலும் ரியாக்டர் எனப்படும், ஒரு சிறு வீட்டளவு இருக்கும் சுருள்களை வைத்து அந்த உயர்வை உறிஞ்சிக்கொள்ளவேண்டும். மாறாக, பாதையில் சுமை கூடினால் அழுத்தம் சரியும். ஓர் அளவுக்கு மேல் சுமையேற்றினால் இரு முனைகளும் ஒத்திசைவை இழக்கும். நீண்ட பாதையில் எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்பதைக் கம்பியின் சூட்டைவிட இந்தத் தள்ளாட்டமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்த எல்லை 400 கிலோவோல்ட்டில் மிகவும் விரிவானது.

தூரம் இன்னும் நீண்டால் நேர்மின்னோட்டம் (டி.சி.) இலாபகரமாகிறது. மாற்றுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாகவும், பிறகு மறுபடி மாற்றுமின்னோட்டமாகவும் ஆக்கும் நிலையங்களுக்கு இரு முனைகளிலும் பெருஞ்செலவு பிடிக்கும். ஆனால் இடைப்பட்ட பாதைக்குக் கம்பியும் நிலமும் குறைவாகப் போதும். தரைமேல் செல்லும் பாதைகளில் சுமார் 600 முதல் 800 கிலோமீட்டருக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நேர்மின்னோட்டத்தின் பக்கம் சாயும் என்பது பொறியாளர்களின் பொதுவான மதிப்பீடு. அதே சுஸ்வாவில் வந்து முடியும் இன்னொரு பாதை இதற்குச் சான்று. எத்தியோப்பியாவின் வொலைட்டா சோடோவிலிருந்து 1,045 கிலோமீட்டர் தூரம் வரும் 500 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை அது. 2,000 மெகாவாட் கொண்டுவரும் திறனுடையது. அதன் வழியாக 2022 நவம்பரில் கென்யா எத்தியோப்பிய மின்சாரத்தை வாங்கத் தொடங்கியது.

இனி, பாதையின் உறுப்புகளைக் கிட்டத்தில் சென்று பார்க்கலாம். அடுத்த முறை பேருந்தில் போகும்போது ஏதேனும் ஓர் உயர்மின் கோபுரத்தின் கைகளிலிருந்து தொங்கும் தட்டுச்சரத்தைக் கவனித்துப் பாருங்கள். கண்ணாடி அல்லது பீங்கானால் ஆன, குடைபோலக் கவிழ்ந்த தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். மின்சாரம் கம்பியிலிருந்து கோபுரத்தின் இரும்புக்குத் தாவிவிடாமல் தடுப்பவை அவைதான். இந்தியாவில் 400 கிலோவோல்ட் பாதையின் நேர்க்கோபுரத்தில் பொதுவாக 23 தட்டுகள் இருக்கும்; 220 கிலோவோல்ட்டில் பதினான்கை ஒட்டி இருக்கும். தட்டுகளை எண்ணியே பாதையின் அழுத்தத்தை ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். தட்டின் அடிப்பக்கம் வளையம் வளையமாக மடிந்திருப்பதற்கும் காரணம் உண்டு: மழையிலும் தூசியிலும் நனைந்த மேற்பரப்பு வழியாக மின்சாரம் ஊர்ந்து போகவேண்டிய தூரத்தை அந்த மடிப்புகள் நீட்டிவிடுகின்றன. கடற்கரையிலும் உப்பும் தூசியும் நிறைந்த வறண்ட நிலத்திலும் இந்தத் தூரம் இன்னும் கூடுதலாக வேண்டும். தட்டுகளுக்குப் பதிலாக ஒரே நீண்ட தண்டாக வரும் பாலிமர் மின்காப்பான்களும் இப்போது பரவலாகிவிட்டன.

கம்பியோ முழுச் செம்பும் அல்ல, முழு அலுமினியமும் அல்ல. நடுவில் உருக்கு இழைகள் வலிமைக்கு. அவற்றைச் சுற்றி அலுமினிய இழைகள் மின்சாரத்துக்கு. இந்தியாவின் 400 கிலோவோல்ட் பாதைகளில் பரவலாகப் பயன்படும் 'மூஸ்' என்ற வகைக் கம்பியில் 7 உருக்கு இழைகளைச் சுற்றி 54 அலுமினிய இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர். மீட்டருக்கு இரண்டு கிலோ எடை. இரு கோபுரங்களுக்கு இடையே 400 மீட்டர் என்று கொண்டால், ஒற்றைக் கம்பியின் எடை மட்டும் 800 கிலோ. ஒவ்வொரு மின்கட்டத்துக்கும் (ஃபேஸ்) அத்தகைய கம்பிகள் இரண்டோ நான்கோ அருகருகே செல்லும். கோபுரத்தின் உச்சியில் தனியாக ஓடும் மெல்லிய கம்பி மின்னலைத் தன்மேல் வாங்கி, கோபுரத்தின் உடல் வழியாக நிலத்துக்கு இறக்குவதற்கானது. இக்காலத்தில் அதன் உள்ளே ஒளியிழை வைத்திருப்பார்கள். இரு முனை நிலையங்களும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான்.

இந்த உறுப்புகள் எல்லாவற்றையும் தொழிற்சாலையில் வாங்கிவிடலாம். நிலத்தை அப்படி வாங்க முடியாது. கென்யாவில் மின்பாதைகளைக் கட்டுவதற்கென்றே 2008இல் அமைக்கப்பட்ட கெட்ராகோ என்ற அரசு நிறுவனம், 400 கிலோவோல்ட் பாதைக்கு 60 மீட்டர் அகலமுள்ள வழியைக் கேட்கிறது. 60 மீட்டர் பெரிதாகத் தோன்றாது. அதை 430 கிலோமீட்டரால் பெருக்கினால் சுமார் 6,400 ஏக்கர் வரும். அணைக்கோ தொழிற்சாலைக்கோ அதே அளவு நிலம் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டால், பேசவேண்டியவர்கள் ஒரு வட்டாரத்துக்குள் இருப்பார்கள். மின்பாதையின் நிலமோ நாடாபோல நீண்டு, பல மாவட்டங்களையும் பல மொழி பேசும் மக்களையும் பல வகை நிலவுரிமையையும் ஊடறுத்துச் செல்கிறது. வடக்கே மார்சபித், சம்புரு மாவட்டங்களில் ஒட்டகமும் ஆடும் மேய்ப்போரின் பொதுநிலம். அங்கே தனிப்பட்டா என்பது அரிது, சமூகத்தின் உரிமையே உரிமை. தெற்கே போகப் போக, நியாண்டருவா, நகுரு, நரோக் பகுதிகளில் கையில் பத்திரம் வைத்திருக்கும் தனி விவசாயிகள். முன்னதில் யாரிடம் பேசுவது என்பதே கேள்வி. பின்னதில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசியாகவேண்டும்.

கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு சமூக நிலத்தைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. அதற்கான சட்டம் 2016இல் வந்தது. ஆனால் காற்றாலைத் திட்டத்துக்கான நில ஏற்பாடுகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. காற்றாலைப் பண்ணைக்கு நிலம் ஒதுக்கப்பட்ட விதம் முறையானதல்ல என்று மேருவில் உள்ள நிலநீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அப்போது காற்றாலைகள் சுழன்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்கவேண்டியவர்களை முதலிலேயே கேட்காமல் கட்டியது எத்தனை ஆண்டு கழிந்தாலும் வழக்காகத் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த வேதனை நமக்கும் புதிதல்ல. சத்தீசுகரின் ராய்கரிலிருந்து திருப்பூர் மாவட்டத்துப் புகளூர் வரை, 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டப் பாதையும் அதோடு சேர்ந்த பாதைகளும் கட்டப்பட்டபோது, கொங்கு மாவட்டங்களின் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து நெடுநாள் போராடினார்கள். இந்தியச் சட்டப்படி இதில் நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம் அளித்த அதிகாரத்தை மின்பாதை கட்டுபவருக்குக் கொடுப்பதால், அவர் நிலத்துக்குள் வந்து கோபுரம் நட்டுக்கொள்ளலாம். தந்திக் கம்பத்துக்காக எழுதப்பட்ட அதிகாரம் நூறடிக்கு மேல் உயரமுள்ள உருக்குக் கோபுரத்துக்குப் பயன்பட்டால் அதை நியாயம் என்று விவசாயி எப்படி ஏற்பார்? கம்பிக்குக் கீழே நெல்லோ கடலையோ விதைக்கலாம். தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, வங்கியில் அந்த நிலத்தின் மதிப்பும் இறங்கிவிடும். 2015இல் மத்திய மின்துறை வகுத்த நெறிமுறை, கோபுரத்தின் அடிநிலத்துக்கு அதன் மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிகள் கடக்கும் வழிக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் இழப்பீடு என்றது. 2024இல் இவை முறையே 200 விழுக்காடாகவும், 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டன. இந்த உயர்வு முன்பே வந்திருந்தால் பல மாதப் போராட்டங்களையும் பல வழக்குகளையும் தவிர்த்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். திட்டத்தின் மொத்தச் செலவில் நில இழப்பீடு சிறு பங்கு. அந்தச் சிறு பங்கில் சிக்கனம் பிடித்ததால் வரும் தாமதம், முழுத் திட்டத்தின் மீதும் வட்டியாக ஏறுகிறது.

நிலம் கிடைத்த இடத்தில் வேலை தொடங்குகிறது. அதில் அதிகக் கவனம் கேட்பது, வெளியே தெரியாத அடித்தளந்தான். கோபுரத்தின் நான்கு கால்களுக்கும் நான்கு குழிகள் தோண்டப்படும். ஒவ்வொரு குழியிலும் ஸ்டப் எனப்படும் உருக்குக் கோணத்துண்டு ஒன்று சாய்வாக நிறுத்தப்பட்டு, அதைச் சுற்றிக் கான்கிரீட் இடப்படும். நான்கு துண்டுகளையும் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்த டெம்ப்ளேட் என்ற இரும்புச் சட்டம் குழிகளுக்கு மேலே பொருத்தப்படும். மேற்பார்வையாளர் நாடாவை எடுத்து மூலைவிட்டங்களை அளப்பார். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கில் ஒத்துப்போகவேண்டும். இங்கே ஒரு கால் விரற்கடை அளவு விலகினாலும், அதன்மேல் ஏறும் கோணங்களின் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. அப்போது சுத்தியலால் அடித்து போல்ட்டை நுழைக்கும் கோபுரத்தில், பல ஆண்டு கழித்து ஒரு புயலில் முதலில் முறிவது அந்த இடமாகத்தான் இருக்கும்.

மண்ணுக்கு ஏற்ப அடித்தளம் மாறும். கரிசல் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். கென்யாவின் சமவெளிகளிலும் அது உண்டு. அங்கே குழி ஆழமாகவும் அகலமாகவும் வேண்டும். துர்கானா ஏரிப் பக்கமோ எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் பரப்பு. பாறை கோபுரத்தைத் தாங்கும், ஆனால் மின்னலைத் தாங்காது: பாறையில் மின்சாரம் எளிதில் பரவுவதில்லை. மின்னல் விழுந்ததும் கோபுரத்தின் அழுத்தம் எகிறி, தட்டுச்சரத்தைத் தாண்டி மின்பொறி கம்பிக்கே பாய்ந்துவிடும். அதனால் அத்தகைய இடங்களில் கோபுரத்தின் காலிலிருந்து நீண்ட கம்பிகளைப் பல மீட்டர் தூரம் மண்ணில் புதைத்து, நிலத்தொடர்பைப் பரப்பவேண்டியிருக்கிறது. இதோடு, சிமெண்டும் தண்ணீரும் வந்துசேரும் பாடு வேறு. காற்றாலைகளுக்காகவே, லைசாமிஸ் என்ற ஊரிலிருந்து அந்த இடம் வரை 200 கிலோமீட்டருக்கும் மேல் சாலையைச் சீரமைக்கவேண்டி வந்தது; மொம்பாசா துறைமுகத்தில் இறங்கிய உறுப்புகள் சுமார் 1,200 கிலோமீட்டர் தரைவழியே பயணம் செய்தன. வளரும் நாட்டில் மின்பாதை கட்டுகிறவர் பல நேரங்களில் அதற்கு முன் சாலையைக் கட்டவேண்டியிருக்கிறது.

கான்கிரீட் இறுகியபின் கோபுரம் எழுவது விரைவான வேலை. எண் குத்திய, துத்தநாகம் பூசிய கோணங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பயிற்சி பெற்ற குழு, கிரேன் போகமுடியாத இடத்திலும் கப்பியையும் கயிற்றையும் வைத்துச் சில நாட்களில் ஒரு கோபுரத்தை எழுப்பிவிடும். கம்பி இழுப்பில்தான் மறுபடியும் நிதானம் வேண்டும். முதலில் ஒரு மெல்லிய கயிறு கோபுரம் கோபுரமாக உருளைகளின் மேல் செலுத்தப்படுகிறது. அது தடித்த உருக்குக் கயிற்றை இழுக்கிறது. அது கம்பியை இழுக்கிறது. ஒரு முனையில் இழுக்கும் இயந்திரமும் மறுமுனையில் பிடித்து விடும் இயந்திரமும் இருப்பதால், கம்பி எங்கும் தரையில் உரசாமல் காற்றிலேயே போகும். உரசினால் அலுமினியத்தில் கீறல் விழும். பேரழுத்தத்தில் அந்தக் கீறலின் கூர்முனையைச் சுற்றிக் காற்று மின்னேறி, இரவில் நீல ஒளியாகவும் இரைச்சலாகவும் மின்சாரம் கசியும். பிறகு தொய்வு சரிசெய்யப்படுகிறது. வெயிலில் கம்பி நீண்டு தாழும், குளிரில் சுருங்கி இறுகும். ஆகவே அந்த நேரத்தில் கம்பியின் வெப்பநிலையை அளந்து, அதற்குரிய அட்டவணைப்படி தொய்வு வைப்பார்கள். நண்பகலில் வைக்கவேண்டிய தொய்வை அதிகாலைக் குளிரில் வைத்துவிட்டால், கோடையில் முழுச் சுமையோடு கம்பி எவர் தலைக்கு அருகில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. இந்திய விதிகளின்படி 400 கிலோவோல்ட் கம்பி மிகத் தாழும்போதும் தரையிலிருந்து 8.84 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும்.

இவை அனைத்தையும் செய்யத் தெரிந்தவர்கள் உலகில் ஏராளம். ஆனாலும் கென்யப் பாதை ஏன் நின்றது? நிலம் ஒரு காரணம்; பணமும் ஒப்பந்தமும் இன்னொன்று. இந்தப் பாதைக்கான பெரும்பகுதிப் பணம் ஸ்பெயின் அரசின் கடனாக வந்தது. வேலையும் இசோலக்ஸ் கோர்சான் என்ற ஸ்பானிய நிறுவனத்துக்குப் போனது. கடன் கொடுக்கும் நாட்டின் நிறுவனத்துக்கே வேலை என்பது இத்தகைய கடனில் வழக்கமான நிபந்தனை. கடன் வாங்கும் நாட்டுக்குப் பிரச்சினை என்னவென்றால், அந்த நிறுவனம் தள்ளாடினால் வேறொருவரைத் தேடும் சுதந்திரம் குறைவு. 2017 ஜூலையில் அந்த நிறுவனம் திவாலானது. ஒப்பந்ததாரர் போய்விட்டால், நின்ற இடத்திலிருந்து இன்னொருவர் அப்படியே தொடர்ந்துவிட முடியாது. எந்த அடித்தளம் சோதிக்கப்பட்டது, எந்தப் பொருள் யாருடைய கிடங்கில் இருக்கிறது, சம்பளம் கிடைக்காத துணை ஒப்பந்ததாரர் எதைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கவேண்டும். பிறகு ஒரு சீனக் கூட்டமைப்பு வேலையை ஏற்று, ஓராண்டுக்குள் முடித்துக் கொடுத்தது.

அதற்குள் கடிகாரம் வேறொரு வகையில் ஓடிக்கொண்டிருந்தது. காற்றாலை நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, காற்றாலைகள் தயாராகியும் மின்பாதை இல்லாததால் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள முடியாவிட்டால், எடுத்துக்கொண்டதாகவே கருதிப் பணம் கொடுக்கவேண்டும். இப்படி ஒரு விதி இல்லாமல் தனியார் முதலீட்டாளர் பாலைநிலத்தில் பணம் போடமாட்டார் என்பதும் உண்மை. ஆனால் விளைவாக, பாயாத மின்சாரத்துக்காகக் கென்யா நூற்றுக்கணக்கான கோடி ஷில்லிங்கை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தச் சுமையின் ஒரு பகுதி மின்கட்டணமாக மக்கள் மேல் ஏறியது. இத்தகைய இடரைச் சுட்டிக்காட்டியே உலக வங்கி 2012இல் தன் உத்தரவாதத்தை விலக்கிக்கொண்டிருந்தது. கடன் யூரோவில், வரவு ஷில்லிங்கில் என்பதால் நாணயமதிப்பு சரியும் ஒவ்வொரு முறையும் சுமை கூடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றாலையோ சூரியப் பண்ணையோ இரண்டு ஆண்டுகளில் எழுந்துவிடும். நிலம் முதல் கம்பிவரை நீண்ட மின்பாதைக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். ஆகவே பாதையை முதலில் தொடங்கவேண்டும். எளிய கணக்குதான், ஆனால் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று உறுதியாகாமல் பாதைக்குக் கடன் கொடுப்பார் இல்லை, பாதை உறுதியாகாமல் உற்பத்திக்கு முதல் போடுவார் இல்லை. தென் தமிழகத்தில் ஆடிக் காற்றில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளப் பாதைகள் போதாமல் நிறுத்திவைத்த ஆண்டுகள் நமக்கும் நினைவிருக்கும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். தலைக்கு மேலே இவ்வளவு மின்சாரம் போகிறதே, கீழே இருக்கும் சிற்றூருக்கு ஒரு கம்பி இறக்கிக் கொடுக்கக்கூடாதா? லொய்யங்கலானி பாதை இரு முனைகளை இணைக்கவென்றே கட்டப்பட்டது. இடையிலுள்ள மேய்ப்பர் குடில்களுக்கு அது நிழலைத் தவிர வேறெதையும் தரவில்லை. காங்கோவில் இங்கா நீர்மின் நிலையத்திலிருந்து கோல்வேசி செம்புச் சுரங்கப் பகுதிக்கு 1982இல் முடிக்கப்பட்ட 1,700 கிலோமீட்டர் நேர்மின்னோட்டப் பாதையும் இருண்ட ஊர்களுக்கு மேலே அப்படித்தான் கடந்து போகிறது. தொழில்நுட்பக் காரணம் உண்மையானது. 400 கிலோவோல்ட்டை வீட்டுக்கு ஏற்ற அளவுக்கு இறக்க ஒரு முழுத் துணை மின்நிலையம் வேண்டும். பெரிய மின்மாற்றி, சுற்றுமுறிப்பான்கள் எனப்படும் பெரிய சுவிட்சுகள், பல ஏக்கர் நிலம், நாள் முழுவதும் ஆட்கள். இருநூறு வீடுகளுக்காக அதைக் கட்டும் செலவில் அந்த வீடுகளுக்குச் சூரிய மின்சாரத்தைப் பலமுறை கொடுத்துவிடலாம். நேர்மின்னோட்டப் பாதையிலிருந்து இடையில் எடுப்பது இதைவிடவும் கடினம்.

ஆனால் வழியே இல்லை என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. மின்னலுக்காக உச்சியில் ஓடும் கம்பியைக் கோபுரத்தோடு நேரடியாக இணைக்காமல், சிறிய மின்காப்பான்களின் மேல் ஏற்றி, அதிலேயே 20 முதல் 34.5 கிலோவோல்ட் வரையான மின்சாரத்தை அனுப்பி, வழியிலுள்ள ஊர்களுக்குச் சிறிய மின்மாற்றிகளால் இறக்கிக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. இத்தாலியப் பேராசிரியர் பிரான்செஸ்கோ இலிசெட்டோ வகுத்த இந்த முறையைக் கானா 1980களின் இறுதியிலிருந்து தன் 161 கிலோவோல்ட் பாதைகளில் பயன்படுத்தியது. மின்னலைத் தாங்கும் வேலையையும் அந்தக் கம்பி விட்டுவிடுவதில்லை. கட்டும்போதே திட்டமிட்டால் கூடுதல் செலவு சிறிது. கட்டி முடித்தபின் மாற்றுவது கடினம். ஏழை நாடுகளின் பாதைகளில் இந்த வாய்ப்பை இன்னும் பலமுறை வரைபட நிலையிலேயே ஆராய்ந்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

கீழே வாழ்வோருக்குப் பயன் எதுவும் இல்லாத பாதையைக் காப்பதும் கடினம். நைரோபியின் எம்பகாசிக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதையில் 2022 ஜனவரியில் கோபுரங்கள் சாய்ந்து, நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கோபுரங்களின் பாகங்கள் கழற்றப்பட்டிருந்ததே காரணம் என்று அரசு கூறியது, பழைய இரும்பு வணிகத்துக்கே சில நாட்களில் தடை போட்டது. போர் வந்தால் நிலைமை இன்னும் மோசம். மொசாம்பிக்கின் கஹோரா பாசா அணையிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் 1,420 கிலோமீட்டர் பாதை, உள்நாட்டுப் போரில் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு, 1997வரை பல ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது.

கடைசிக் கோபுரத்துக்கும் முந்தைய கோபுரத்துக்கும் இடையே கம்பி ஏறியபின், பாதையைக் கால்நடையாக ஒருமுறை முழுதும் பார்த்து முடிப்பார்கள். போல்ட்டுகள் முறுக்கப்பட்டுள்ளனவா, தட்டுகள் உடையாமல் உள்ளனவா, வழிக்குள் மரம் ஏதும் சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கோபுரமாகக் குறித்துக்கொள்வார்கள். வேலையின்போது ஆட்களின் உயிருக்குக் காப்பாகக் கம்பியை நிலத்தோடு இணைத்து வைத்திருந்த தற்காலிகக் கம்பிகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு, போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று இருமுறை சரிபார்க்கப்படும். அதில் ஒன்று மறந்துபோனாலும் மின்சாரம் கொடுத்த நொடியே பாதை துண்டிக்கப்பட்டுவிடும். காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தரத் தொடங்குவதற்கே மின்தொகுப்பின் அழுத்தம் அவற்றை வந்தடைய வேண்டும் என்பதால், முதல் மின்சாரம் எதிர்த்திசையில், சுஸ்வாவிலிருந்து வடக்கு நோக்கியே போகவேண்டும். சுஸ்வாவில் சுற்றுமுறிப்பான் மூடப்பட்டு, மின்சாரம் பாதைக்குள் விடப்படுகிறது. கம்பிகளில் மெல்லிய ரீங்காரம் எழுகிறது. லொய்யங்கலானியின் கட்டுப்பாட்டு அறையில், அதுவரை சுழியத்தில் கிடந்த அளவுமானி 400ஐ ஒட்டி வந்து நிற்கிறதா, மேலே போகிறதா என்று எல்லாருடைய கண்ணும் அதன் மேலேயே இருக்கும்.